ஹொலிவூட் நடிகராகிப் போன உங்கட படம்

பீலெஃபெல்ட், ஜேர்மனி

என்ரை அன்பானவருக்கு,

உங்கட மனிசி யோகம் எழுதிறன். உங்கட முழங்கால் நோ குறைஞ்சுதோ? பேரன் பிருந்தன் தொழிற்படிப்பு முடிச்சு வேலைக்குச் சேர்ந்திட்டான். பேத்தி ஆதிரை கணக்கிலை வகுப்பிலேயே முதலாம் பிள்ளை. சின்னப் பேரன் சாருஜன் நீச்சலிலை கிண்ணம் வாங்கினவன். எல்லாம் உங்கட மூளைதான்.

நான் காலமை கூட்டித் துடைக்கப் போற முதியோர் இல்லத்திலை எல்சா எண்டொரு கிழவி இருக்கிறா. என்ரை பையிலை இருந்த, கலியாணத்தண்டு உங்களைத் தனிய எடுத்த படத்தைக் கண்டிட்டு, "இவர் அந்தக் காலத்து ஹொலிவூட் கதாநாயகன் எல்லோ!" எண்டு பிடிச்சுக்கொண்டா.

"என்ரை மனிசன், அம்மா" எண்டன். நம்பேல்லை.

"சுரங்கத் தொழிலாளியின்ரை மகன். பேரை மாத்தி நடிக்க வந்தவர். கட்டின மனிசியை ஊரிலை தனிய விட்டிட்டுப் போனவர்" எண்டு அந்த நடிகரின்ரை முழுக் கதையும் சொன்னா.

"இல்லை, இவரை ஊரிலை தனிய விட்டிட்டு வந்தது நான்" எண்டன். அவ சிரிச்சா, நானும் சிரிச்சன்.

அவவைப் பாக்க ஒருத்தரும் வாறேல்லை. அவ தன்னட்டை வைச்சுக்கொண்ட படத்தைத் திருப்பி வாங்க எனக்கு மனம் வரேல்லை.

எனக்கு உடம்பு அலுப்புத்தான், வேறை ஒண்டுமில்லை. கூழ் காய்ச்சப் பனங்கிழங்கு ஒடியல் மா கொஞ்சம் அனுப்புங்கோ. வேலைக்கு நேரமாச்சு, நிப்பாட்டிறன். புதுசா ஒரு படம் எடுத்துத் தபாலிலை போடுங்கோ. மீசைக்கு மை பூசாதேங்கோ, இப்ப இருக்கிற முகம்தான் எனக்கு வேணும்.