அலை தோண்டாத குழி

இன்டானின் அப்பாவுக்கு,

எத்தனை முறை அடித்தாலும் உங்கள் போன் கிடைக்கவில்லை. அதனால்தான் கடலில் உங்களுக்கு ஐஸ் கொண்டுவரும் படகுக்காரரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். நாளைக் காலை தெற்குப் பாறைப் பக்கம் போகாதீர்கள்.

ஆசிரியர் பயிற்சியில் இன்று ஒரு படம் காட்டினார்கள். பவளம் நொறுங்கிக் கிடந்தது. எந்த இடமென்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படி உடைந்திருக்கும் என்று கேட்டதும், "அலை அடிச்சு உடைஞ்சிருக்கும்" என்று முந்திக்கொண்டேன்.

"அலை இவ்வளவு வட்டமாவா குழி தோண்டும், டீச்சர்?" பயிற்சி தரும் ரத்மி மேடம் கேட்டார். வகுப்பே சிரித்தது. "சரி, நாளைக்கு எல்லாரும் அங்கயே இறங்கிப் பாத்துடலாம்."

எங்கள் படகு பாறைக்கு அப்பால் நிற்கும். பார்த்தாலும், யாரோ வலை போடுகிறார்கள் என்றுதான் நினைப்பீர்கள். நாங்கள் தண்ணீருக்கடியில் இருப்போம். மீனைக் கொல்ல உரம் அடைத்த பாட்டில் வெடியைக் கொளுத்தி எறிபவருக்கு எல்லாம் மீன் நிழலாகத்தான் தெரியும்.

ரத்மியிடம் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் போலீஸ் வரும், இன்டான் "அப்பா எங்க?" என்பாள். சொல்லாவிட்டால் எத்தனை டீச்சர்களின் பிள்ளைகள் "அம்மா எங்க?" என்பார்கள்?

இது உங்கள் கைக்கு வந்து சேராமலும் போகலாம். அதனால், எல்லாருக்கும் முன்னால் நானே இறங்குகிறேன் என்று சொல்லிவிட்டேன். பெருநாளுக்கு நீங்கள் வாங்கித் தந்த மஞ்சள் முக்காட்டைக் கட்டிக்கொண்டு மேலேயே மிதப்பேன். எறிவதற்கு முன் ஒரே ஒரு தடவை தண்ணீரைப் பாருங்கள்.

உங்கள் மகளைப் பெற்றவள்