வால்வு வளைந்த வாரம்

ஞாயிறு, 12. காலையிலிருந்தே வெயில்.

பழைய எஸ்டேட்டில் மாரியம்மன் திருவிழா. ரப்பர் மரம் போய், எண்ணெய்க்கான செம்பனை வந்தாயிற்று; திருவிழா மட்டும் தவறுவதில்லை. திரும்பும்போது கோயில் வளைவைத் தாண்டியதும் கார் அணைந்தது. சத்தம், புகை எதுவுமில்லை. அன்னதானத்தில் இருந்தவர்கள் கைகூடக் கழுவாமல் ஓடிவந்தார்கள். நின்ற காருக்கு எங்கள் ஆட்களிடம் ஒரே வைத்தியம்: தள்ளுவது. என் மனைவி மல்லிகாவின் தம்பி ரவி ஸ்டியரிங்கைப் பிடித்தான். யாரோ சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்.

"செகண்ட் கியர்ல போட்டு விடுப்பா, புடிச்சிக்கும்."

மெயின் ரோடு வரை தள்ளினார்கள். பழம் நசுங்கியது. வேறு முன்னேற்றம் இல்லை.

கவலை இதுதான்: மல்லிகாவுக்கு பாரிட் புந்தார் கிளினிக்குக்கு மாற்றல். அடுத்த வாரத் திங்கள், 20-ஆம் தேதி சேர வேண்டும். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். தினமும் காரில் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவதாக ஏற்பாடு. வழி முழுக்கப் பேசலாம். கார் இல்லையென்றால் அங்கேயே அறை எடுத்துத் தங்குவாள். வெள்ளிக்கிழமைதான் வீடு.

திங்கள், 13.

காரை ஜெலாப்பாங் பட்டறைக்கு இழுத்துப்போயாயிற்று. மெக்கானிக் சந்திரன் கவரைக் கழற்றினார். டைமிங் பெல்ட் அறுந்து கிடந்தது.

"தள்ளுனீங்களா?"

"கொஞ்சம்."

"பெல்ட் அறுந்தா தள்ளக் கூடாதுலா அண்ணே. வால்வு கீழ எறங்கி நிக்கும், பிஸ்டன் மேல வந்து இடிக்கும்."

அறுந்தபோதே இடித்ததா, தள்ளியபோது இடித்ததா என்று கேட்டேன்.

"அத இஞ்சின்கிட்டதான் கேக்கணும்."

மல்லிகாவிடம் சொன்னேன். "ம்" என்றாள். அதற்குப் பல அர்த்தம் உண்டு. இன்று எது, தெரியவில்லை.

செவ்வாய், 14. மழை.

சந்திரன் புது பெல்ட் மாட்டி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது காற்றழுத்தம், பார்த்தார். ஒன்று, நான்கு சுமார். இரண்டு, மூன்று பூஜ்யம். காற்றை ஏற்றினால், அது இஞ்சின் மூச்சிழுக்கும் பக்கமாகப் புஸ்ஸென்று வெளியேறியது. அந்தப் பக்கத்து வால்வுகள் வளைந்திருக்குமாம். பிளக் துளையில் சின்னக் கேமராவை விட்டார். பிஸ்டன் தலையில் பிறைநிலா மாதிரி தழும்பு. அழகாகத்தான் இருந்தது.

"பிஸ்டன் வெடிச்சிருக்குமா?"

"இஞ்சின் மேல்மூடி, அந்த ஹெட்டத் தூக்காம சொன்னா, அது ஜோசியம்ணே."

ரவி போன் செய்தான். "நான் மெதுவாத்தான் கிளட்ச விட்டேன் மச்சான்." நான் ஒன்றும் கேட்கவில்லை.

வாங்க: ரவை, கொசுவத்தி, தலையணை உறை ஒன்று (மல்லிகா சொன்னது. ஏன் ஒன்று?).

வியாழன், 16.

ஹெட்டைத் தூக்கியாயிற்று. நான்கு வால்வுகள் வளைவு. பிஸ்டன் தப்பியது. சிலிண்டரில் கீறல் இல்லை.

"ஞாயித்துக்கெழம எடுத்துக்கலாம். திங்கக்கெழம அக்காவ நீங்களே கொண்டுபோய் விடலாம்லா."

பஸ் பிடித்து வீடு வந்தேன். மல்லிகா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சின் பொழச்சிருச்சு."

"நல்லது."

"தெனமும் போய்ட்டு வந்துரலாம்."

சேலையின் ஓரங்களைச் சேர்த்து மடித்து முடித்தாள்.

"ரூம் பேசிட்டேங்க. போன மாசமே."

போன மாதம் கார் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.