டொக்டரிடம் நான் சொன்ன 'இல்லை'

அக்கா,

இன்று லண்டன் டூட்டிங்கில் பஸ்ஸுக்கு நின்றபோது பின்னால் ஒரு கதவு திறந்தது. வேர் அவியும் அந்தக் கசப்பு மணம். சீன மருந்துக் கடை. வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நின்று அழுதேன்.

நாம் பழக்கமானதே ஹோட்டல் லோன்றியில் துணி தோய்க்கும்போதுதான். சவர்க்காரத் தண்ணீரில் உங்கள் கைகள் வெடித்து இரத்தம் கசியும். எந்தக் கிறீமுக்கும் ஆறாத கைகள், அப்படியொரு கடையில் வாங்கிய வேர்களை அவித்துக் குடித்து இரண்டே மாதத்தில் ஆறிவிட்டன. இடைவேளையில் நீங்கள் பிளாஸ்கைத் திறந்தால் நான் மூக்கைப் பொத்துவேன். "வேரும் இலையும்தானே பிள்ளை, இது என்ன செய்யப்போகுது?" என்பீர்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஒருமுறை இரத்தப் பரிசோதனை முடிவு கேட்கப் போனோம். உங்களுக்காக ஆங்கிலம் பேச நான். வேறு மருந்து, மூலிகை ஏதும் எடுக்கிறாரா என்று டொக்டர் கேட்டார். உங்கள் பக்கம் திரும்பாமலே "இல்லை" என்றேன். பட்டிக்காட்டுச் சனம் என்று நினைத்துவிடுவாரோ என்ற வெட்கம்.

வெளியே வந்ததும், "என்ன கேட்டவர்?" என்றீர்கள்.

"ஒண்டுமில்லை அக்கா, வழமையான கேள்விதான்."

கைகள் திரும்பவும் வெடிக்காமலிருக்க அதன்பிறகும் மூன்று வருடம் குடித்தீர்கள். குடிப்பதை விட்டு, நாம் அதை மறந்தும் போன காலத்தில் உங்கள் கால்கள் வீங்கின. இரண்டு சிறுநீரகங்களும் பழுது என்றார்கள். ஆஸ்பத்திரி டொக்டர் அதே கேள்வியைக் கேட்டார். இந்தமுறை உங்களிடம் கேட்டேன். கொஞ்சமும் தயங்காமல் எல்லாவற்றையும் சொன்னீர்கள். அந்த வேர்களில் சில சிறுநீரகத்தைச் சத்தமில்லாமல் அழிக்கும், நிறுத்திப் பல வருடங்களுக்குப் பிறகும் வெளிப்படும், முன்பே தெரிந்திருந்தால் அன்றே நிறுத்தச் சொல்லியிருப்பார்கள் என்றார் அவர். அதை உங்களுக்குத் தமிழில் சொல்லவேண்டியவளும் நான்தான்.

திரும்பும் வழியில் உண்மையைச் சொன்னேன். நீங்கள் என்னை ஏசியிருக்கலாம் அக்கா. "நானெண்டாலும் வெக்கத்திலை இல்லையெண்டுதான் சொல்லியிருப்பன். அழாதையும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

பிறகு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். போன மாசியில் அதுவும் முடிந்து, நீங்களும் போய்விட்டீர்கள்.

இப்போதும் தெரிந்தவர்களுக்கு ஆங்கிலம் பேசப் போகிறேன். அந்தக் கேள்வி வந்தால் அவர்கள் பக்கம் திரும்பி, பதில் வரும்வரை காத்திருக்கிறேன். அநேகமானோர், "ஓம், ஒரு கசாயம் குடிக்கிறனான்" என்று சொல்லிவிடுகிறார்கள்.

முதல்முறையே கேட்டிருந்தால் நீங்களும் சொல்லியிருப்பீர்கள். அன்று வழியில் சொன்னது, எனக்காக நீங்கள் சொன்ன பொய்.