லென்ஸை எடுக்கச் சொன்னது நான்தான்

"சும்மா இருங்க சார். லென்ஸை எடுத்துடலாம்னு சொன்னது நானு. வேணாம்னு சொன்னது நீங்க. இப்ப வந்து மாத்திப் பேசினா எப்படி?"

கண்ணில் கட்டுப் போட்டுப் படுத்திருந்த நான் இதைச் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. நர்ஸ் பெண் ஓடி வந்தது.

"யாராண்ட தாத்தா பேசிக்கினு இருக்கீங்க?"

"செத்துப் போனவராண்ட."

பயந்துபோய் டாக்டரைக் கூட்டி வந்துவிட்டது.

போன வாரம் விழுப்புரத்தில் எனக்குக் கண்புரை எடுத்தார்கள் சார். "பெரியவரே, பழைய லென்ஸை எடுத்துட்டு வேற வெச்சிருக்கேன். பின்னாடி ரெட்டினா நல்லா இருக்கு" என்றார் டாக்டர். அவர் கையில் ஸ்பிரிட் வாசனை. அந்த வாசனைதான் உங்களை அங்கே கூப்பிட்டு வந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் இதைத்தானே நானும் உங்களிடம் சொன்னேன்?

திண்டிவனத்துக் காலேஜில் விலங்கியல் லேபில் நீங்கள் புரொபசர். நான் எட்டாவதோடு நின்ற அட்டெண்டர். விடிந்ததும் கறிக்கடைக்குப் போய், ஆட்டை அறுத்த சூட்டோடு கண்ணை வாங்கி ஃபார்மலின் பாட்டிலில் போட்டுக் கொண்டுவருவது என் வேலை. தாமதித்தால் உள்ளே இருக்கும் மெல்லிய ரெட்டினா கழன்றுவிடும் என்று சொல்லித் தந்தது நீங்கள்தான். அதை நான் மறுக்கவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் "இன்னாய்யா பாட்டில்ல?" என்பார். "நெல்லிக்கா ஊறுகா. நாக்குல வெச்சிப் பாக்கறியா?" என்பேன்.

ஒரு நாள் உங்கள் சாக்பீஸ் டப்பாவில் ஒரு கண்ணைப் போட்டு வைத்தேன். நீங்கள் கையை விட்டு அலறியதில் பிள்ளைகளெல்லாம் பெஞ்சு மேல் ஏறிவிட்டார்கள். அன்றைக்கு நீங்களும் சிரித்தீர்கள். "யோவ், இதுக்கெல்லாம் சேத்து ஒரு நாள் வாங்கிக்கப் போற" என்றீர்கள். வாங்கிக்கொண்டேன் சார்.

மேலிடத்திலிருந்து இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்றார்கள். ஒரு முழுக் கண்ணை, முன்னாலிருந்து பின்னால் வரை, ஒரே ஸ்லைடில் காட்ட வேண்டும் என்று உங்களுக்கு ஆசை. பெரிய ஆட்டுக் கண் கண்ணாடியில் அடங்காது என்று குட்டியின் கண்ணாகப் பார்த்து வாங்கி வந்தேன். ஃபார்மலினிலிருந்து எடுத்தபோதே சொன்னேன்.

"சார், ஓரத்துல ஒரு கீறல் போட்டு லென்ஸை எடுத்துடறேன். ஸ்பிரிட்ல ஊறினா கல்லாட்டம் ஆயிடும். பிளேடு பட்டா உடைஞ்சி, கூட இருக்கறதையும் கிழிச்சிக்கினு போவும்."

"லென்ஸ் இல்லாததை எவன்யா முழுக் கண்ணுன்னு ஒத்துக்குவான்? எட்டாங்கிளாசு எனக்குப் பாடம் எடுக்குதா?"

ஸ்பிரிட்டை மாற்றி மாற்றி ஊறவைத்து, சைலீனில் போட்டு, மெழுகில் புதைத்தோம். சீவுகிற மெஷினின் கைப்பிடியை நீங்களே சுற்றினீர்கள். முதலில் மெழுகு ரிப்பன் மாதிரி அழகாக வந்தது. பிளேடு லென்ஸைத் தொட்டதும், காய்ந்த மல்லாட்டைக் கடலையை மிதித்த மாதிரி நொறுங்கல் சத்தம். ரிப்பன் நடுவில் நீளமாகக் கிழிசல். எத்தனை சுற்று சுற்றினாலும் அதே கிழிசல். சாயம் ஏற்றிப் பார்த்தால் ரெட்டினா கந்தல் துணியாகக் கிடந்தது.

வந்தவர்கள் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிரின்ஸிபால் உங்களைப் பார்த்தார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

மறுநாள் இங்கிலீஷில் டைப் அடித்த ஒரு தாளை நீட்டினீர்கள்.

"ஒரு கையெழுத்துப் போடுய்யா."

"இன்னா சார் எழுதியிருக்கு?"

"கண்ணு சரியா அமையலன்னு. சும்மா ஃபைலுக்கு."

போட்டேன். நீங்கள் நீட்டிய தாள் என்பதால் போட்டேன்.

மூன்று வருஷம் கழித்து லேப் அசிஸ்டென்ட் வேலைக்கு என் முறை வந்தது. ஆபீஸ் கிளார்க் அம்மா என் ஃபைலைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "இன்னாங்க இது? 'விளையாட்டுத்தனமா நான்தான் கண்ணைக் கெடுத்துட்டேன், இனிமே மெஷினைத் தொட மாட்டேன்'னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க?" நான் இல்லை என்றால் யார் நம்புவார்கள்? சாக்பீஸ் டப்பா கதை காலேஜ் முழுக்கத் தெரியும். பொருத்தமாகத்தான் எழுதியிருந்தீர்கள் சார். ரிட்டையர் ஆகும் வரை பாட்டில்தான் கழுவினேன்.

அன்றே உங்கள் சட்டையைப் பிடித்திருக்கலாம். செய்யவில்லை. நீங்கள் லீவில் போன ஒரு வாரத்தில், தொடமாட்டேன் என்று நான் எழுதிக் கொடுத்ததாகச் சொன்ன அதே மெஷினில், லென்ஸை எடுத்துவிட்டு ஒரு குட்டியாட்டுக் கண்ணை நானே சீவினேன். ரெட்டினாவில் ஒரு சுருக்கம் இல்லை. அந்த ஸ்லைடை என் மூக்குக்கண்ணாடி டப்பாவில் பஞ்சுக்கு நடுவில் வைத்தேன். நீங்கள் வந்ததும் காட்ட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். உங்கள் முகத்தைப் பார்த்ததும் வேறு ஏதாவது கிண்டல்தான் வாயில் வரும்.

போன வருஷம் விழுப்புரம் ஸ்டேஷன் சுவரில் உங்கள் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்தேன். பேருக்குப் பின்னால் பட்டமெல்லாம் வரிசையாகப் போட்டிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால், கடைசியாக உங்களைத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பார்த்ததுதான் ஞாபகம் வந்தது. கைத்தடியோடு நின்றீர்கள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து போனது.

"இன்னாய்யா, இன்னும் ஊறுகா விக்கறியா?"

அந்தச் சிரிப்பில் எனக்கும் எல்லாம் மறந்துவிடும் போலத்தான் இருந்தது. ஆனால் கை தானாகவே மூக்குக்கண்ணாடி டப்பாவைத் திறந்தது.

"சார், அந்தக் குட்டியாட்டுக் கண்ணு ஞாபகம் இருக்குதா? அப்ப ஒரு தாள்ல கையெழுத்து வாங்கினீங்களே..."

உங்கள் சிரிப்பு நின்றது. "பஸ் வந்துடுச்சிப்பா."

"ஒரு நிமிஷம் சார். ஒண்ணே ஒண்ணு. வேலையெல்லாம் போவட்டும். நான் சொன்னது சரிதான்னு மட்டும் ஒரு வார்த்தை..."

நீங்கள் திரும்பவில்லை. கைத்தடி தரையில் படப்பட வேகமாக நடந்தீர்கள். ஏறி, நான் நின்ற பக்கத்து ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தீர்கள். என் கையில் டப்பா திறந்தபடியே இருந்தது.

அது செஞ்சிக்குப் போகிற பஸ் சார். உங்கள் வீடு விழுப்புரத்தில்.