மெழுகு தடவவில்லை

செல்வி,

மரச்சீனிக் கிழங்கு அவித்து மூடி வைத்திருக்கிறேன். மீன்கறியைச் சூடாக்கிக்கொள். பின்வாசல் சாவி அரிசி டப்பா மேல் இருக்கிறது.

உள்முறி மேசையில் கிளாம்பு போட்டு வைத்திருக்கும் நம் ஷாலுவின் ஏர் ரைபிளை நாளை வரைக்கும் அசைக்காதே. பசை காய வேண்டும்.

அவளோடு ரேஞ்சில் பயிற்சி எடுத்த சுபின் இன்று பத்து மணிக்கு வருவான். குழலும் விசையும் உள்ள இரும்புப் பாகம் மட்டும் போதுமென்று அவன் கேட்டதாலே நீ வரச்சொன்னாய். இனி அது கிடைக்காது என்று சொல்லிவிடு. அவளுக்கென்று நான் ஈட்டி மரத்தில் செதுக்கிய துப்பாக்கிக் கட்டைக்குள் அதை வைத்துக் காலையில் அரால்டைட் போட்டு ஒட்டிவிட்டேன். பின்னால் கழற்ற வேண்டுமானால் இரும்பில் முதலில் மெழுகு தடவியிருக்க வேண்டும். தெரிந்தேதான் தடவவில்லை. இனிக் கட்டையை உடைத்தால்தான் வரும்.

"பிள்ள ஒரு வருசமா கேட்டப்ப செய்யல்ல. அடக்கம் பண்ணினப்புறம் ஆருக்கு வேண்டியாக்கும் செதுக்குதீரு?" என்று நேற்றுக் கேட்டாய்.

கழக்கூட்டம் ஊருக்கு வேலைக்குப் போகிறேன். அவள் ஸ்கூட்டரோடு விழுந்த இடம் வழியாக என் பஸ் போகாது என்று உன்னிடம் சொன்னது பொய்.

வேதமாணிக்கம்

கன்னம் வர வேண்டிய உயரத்துக்கு அவள் அன்றே மரத்தில் போட்ட பென்சில் கோட்டை இழைக்காமல் விட்டிருக்கிறேன். துணி கொண்டு துடைத்துவிடாதே.

நான் கன்னம் வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. அவளுக்கு உன் முகம். நாளை காய்ந்த பிறகு நீ வைத்துப் பார்.