சிலைக்குப் பக்கத்தில் நின்றவன் எழுதுவது

இந்திய தேசத்துச் சுவரோவியங்களுக்கும் நாற்சந்திச் சிலைகளுக்கும் ஒரே அதிகாரபூர்வப் புகைப்படக்காரனே, அந்தப் பதவியை வழங்கியவனும் நான்தான் என்பதை மறந்திருக்க மாட்டாய், என் உயிர் மச்சான் சுலைமானே,

நலமா என்று கேட்கத்தான் கை போகிறது. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அங்கே சுவர்கள் உண்டா? இருந்தால் வெறும் வெள்ளையாகவா விட்டு வைத்திருக்கிறார்கள்? அப்படியென்றால் உனக்குப் பொழுது போவது கஷ்டம்தான்.

இந்தக் கடிதத்தை உன் வீட்டு அலமாரியில் வைக்காமல் நாலு பேர் படிக்கிற இடத்தில் போடுகிறேன். நாற்பது வருஷமாக ஊரறியச் சொன்ன ஒரு பொய்யை ஊரறியத்தான் திரும்பப் பெற வேண்டும் என்று உன் மகள் நஸ்ரீன் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மேல்முறையீடு கிடையாதாம்.

முதலில் அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பீளமேட்டில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை அப்படியேதான் இருக்கிறது. சனி, ஞாயிறு வந்தால் கோட்டைமேட்டுக்கு வந்து உன் ஸ்டுடியோவின் பின்னறையைத் திறந்துவிடுவாள். உன் ஆல்பங்களையும் என் நோட்டுகளையும் ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுகிறாள். ஊர்ப் பெயரைத் தட்டினால் அந்த ஊர்ச் சுவரும் சிலையும் வந்து நிற்கும். அந்தப் பின்னறை இப்போது ஒரு பல்கலைக்கழகம் மச்சான். நான் துணைவேந்தர். டீ வாங்கி வருவதும் துணைவேந்தரே.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. நான் பம்புசெட் கம்பெனியில் சர்வீஸ் மெக்கானிக். கோயமுத்தூர் மோட்டார் எந்த மூலையில் மூச்சை நிறுத்தினாலும் என்னை ரயிலேற்றிவிடுவார்கள். கல்யாணச் சீசன் இல்லாத மாதங்களில் நீ ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டுக் கூடவே வருவாய். நான் கையெல்லாம் கிரீஸோடு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருக்கும்போது ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து காதருகில் சொல்வாய்: "மச்சான், ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு செவுரு இருக்குது. வந்து பாரு."

அப்படித்தான் ராஜஸ்தானில் ஒரு பழைய மாளிகைச் சுவரில் ரயில் ஓடியதைப் பார்த்தோம். ரயிலையே பார்க்காத ஓவியன் வரைந்தானோ என்னவோ, எல்லாப் பெட்டியிலும் அடுப்புப் புகை. ஒடிசாவில் பழைய இரும்பைக் கொண்டு செய்த குதிரை. வங்காளத்தில் ஒரு பள்ளிக்கூடச் சுவர் நீளத்துக்கு மீன் விற்கும் பெண்கள். இவற்றை யாரும் எழுதி வைப்பதில்லை, மழையிலும் சுண்ணாம்பிலும் போய்விடும் என்று நீதான் ஆரம்பித்தாய். படம் உன் பொறுப்பு. ஊர், செய்தவர் பெயர், உயரம், அகலம், விவரம் எல்லாம் நோட்டில் எழுதுவது என் பொறுப்பு. உன் வாழ்க்கையில் நீ எடுத்த ஒரே தவறான முடிவு அந்த இரண்டாவது நியமனம்தான்.

அளக்கிற டேப்பை முதல் பயணத்திலேயே நான் தொலைத்தேன். நாக்பூர் போகும்போது படுக்கையைக் கட்டக் கயிறு இல்லாமல் அதைக் கொண்டு கட்டி, படுக்கையோடு ரயிலில் விட்டுவிட்டு இறங்கினேன். நீ திட்டவில்லை. வேறு டேப்பும் வாங்கவில்லை. அதன்பிறகு எந்தப் படம் எடுத்தாலும் என்னைக் கொண்டுபோய் ஓரமாக நிறுத்த ஆரம்பித்தாய். நிமிர்ந்து நில், கையைத் தொங்கப்போடு, முன்னால் வராதே, சிலையோடு ஒட்டி நில்.

"செருப்பக் கழட்டு மச்சான்."

"நாம என்ன கும்புடவா வந்தோம்?"

"கழட்டு. வெயிலு போகுது."

வெயில் எங்கே போனது? பாலைவனத்துக் கல்லில் நின்றபோது என் உள்ளங்காலில் ஒரு ஈடு இட்லி வெந்திருக்கும். என் முக லட்சணத்துக்காகத்தான் ஒவ்வொரு படத்திலும் என்னைச் சேர்க்கிறாய் என்று நானும் பொறுத்துக்கொண்டேன்.

டேப் இல்லாத நோட்டில் உயரத்தை நான் எப்படி எழுதினேன் என்பது உனக்குத் தெரியும். கழுத்து வலித்தால் நூறடி. வலிக்காவிட்டால் ஐம்பது. அந்த இரும்புக் குதிரைக்கு அறுபது அடி என்று போட்டு, 'மேகங்கள் ஒதுங்கிச் செல்கின்றன' என்றும் எழுதியிருந்தேன். நீ படித்தாய். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாய். "செஞ்சவரு பேரு சரியா எழுதுனியா?" என்று மட்டும் கேட்டாய். அந்த ஒன்றில் மட்டும் என்னை விட்டதே இல்லை. பெயர் தெரியும் வரைக்கும் அந்த ஊர் டீக்கடையை விட்டு நகர விடமாட்டாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று மாதம் முன்பு ஒரு சனிக்கிழமை காலையில் தாராபுரத்திலிருந்து ஒரு பெண் ஸ்டுடியோவுக்கு வந்தாள். பெயர் ஸ்டெல்லா. கிரில் பட்டறை வைத்திருக்கிறாள். அவளுடைய அப்பா மரியதாஸ் கொத்தனாரின் பெயரை இணையத்தில் தட்டியபோது நம் பக்கம் வந்திருக்கிறது.

தாராபுரத்துக்கு முன்னால் ஒரு முச்சந்தியில் நின்றதே, அந்தச் சிலை நினைவிருக்கிறதா? தலைவர் இல்லை, சாமி இல்லை. சேலையைத் தூக்கிச் செருகிய ஒரு பெண். ஒரு கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் செருப்பைக் கழற்றி அதில் ஏறிய கல்லைத் தட்டுகிறாள். நாட்டிலேயே இதற்குச் சமமாக இன்னொன்று கிடையாது என்று நீ அரை நாள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாய். நீ மிகைப்படுத்திப் பேசி நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

தோட்டத்து வேலைக்குச் சைக்கிளில் போய்வந்த தன் மனைவி லூர்தம்மாளைத்தான் மரியதாஸ் அப்படி நிறுத்தியிருக்கிறார். அவர் காலமாகிவிட்டார். சாலையை அகலப்படுத்தியபோது சிலையும் போய்விட்டது. மிச்சம் மீதி டிராக்டரில் ஏறி எங்கோ பள்ளத்தை நிரப்பப் போயிற்று. லூர்தம்மாள் இருக்கிறார், எண்பதைத் தாண்டிவிட்டார். அம்மா கண்ணோடு இருக்கும்போதே அப்பாவின் சிலையைத் திரும்ப நிறுத்திவிட வேண்டும் என்பது ஸ்டெல்லாவின் தவிப்பு. ஊரில் இடமும் கொடுத்துவிட்டார்கள். ஒரே நிபந்தனை, பழைய அளவிலேயே இருக்க வேண்டும், படத்தோடு ஆதாரம் காட்ட வேண்டும். அவளிடம் ஒரு படம்கூட இல்லை. நம்மிடம் இருந்தது. என் நோட்டும் இருந்தது.

"ஏனுங்க சார், நோட்டுல முப்பது அடின்னு போட்டிருக்குதுங்களே."

"கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும் அம்மணி."

"முப்பதடின்னா எங்கம்மா கரண்டுக் கம்பியில துணி காயப்போட்டிருப்பாங்களேங்க."

நஸ்ரீன் சிரிப்பை அடக்கிக்கொண்டு படத்தைத் திரையில் பெரிதாக்கினாள். அப்புறம் அடுத்த படம், அதற்கடுத்த படம். சட்டென்று நிமிர்ந்தாள். "மாமா, எல்லாத்துலயும் நீங்க ஒரே மாதிரி நிக்கறீங்க. காலுல செருப்பில்லாம. அத்தா உங்களப் படம் எடுக்கல மாமா. உங்கள வெச்சு அளந்திருக்காரு."

எனக்குச் சுரீரென்றது. இந்தியா முழுவதும் என் அழகைப் பதிவு செய்ததாக நினைத்திருந்தேன். நீ என்னை அடிஸ்கேலாக ஊன்றி வைத்திருக்கிறாய்.

அவள் திரையில் கோடு போட்டுப் பார்த்தாள். சிலைக்காரி சரியாக ஒன்றரைப் பொன்னுசாமி, அதாவது என்னைப் போல ஒன்றரை ஆள். "நீங்க எத்தன ஒசரம் மாமா?"

"அஞ்சடி எட்டு அங்குலம்," என்றேன். வாய் பழகிய வாய். கம்பெனியில் சேர்ந்த அன்று படிவத்தில் எழுதியது. மோட்டார் பழுது பார்ப்பவனுக்கு உயரம் எதற்கு? ஆனாலும் கேட்டிருந்தார்கள். கேட்ட பிறகு கஞ்சத்தனம் பண்ணலாமா?

"அப்ப எட்டரை அடி," என்றாள் நஸ்ரீன். ஸ்டெல்லா கையெடுத்துக் கும்பிட்டாள். "நாளைக்கே கம்பி வெட்டறனுங்க. நாளானா அம்மாவுக்கு..." அவள் முடிக்கவில்லை. முடிக்காத அந்த வார்த்தைதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் முதல் வேலையாகத் தாராபுரம் பஸ்ஸில் ஏறினேன். நான் கூட்டிச் சொன்ன நாலு அங்குலம் அந்த அம்மாளின் சிலையில் அரையடியாகி நிற்கும். உயரம் சரியில்லை என்று யாராவது அளந்து தடுத்தால் எல்லாம் போச்சு. தடுக்காமல் விட்டாலோ அது இன்னும் மோசம், மரியதாஸ் செய்யாத ஒரு பெண் அங்கே நிற்பாள்.

பட்டறையில் ஸ்டெல்லா கம்பியோடு நின்றாள்.

"ஏனம்மணி, வெட்டியாச்சா?"

"ரெண்டு வெட்டிப்போட்டனுங்க. ஏனுங்க சார்?"

"நான் அஞ்சடி எட்டு இல்ல."

அவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தாள். "அது நேத்தே தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா வெட்டுன?"

"பெரியவங்க ஒண்ணு சொல்றப்ப எப்படிங்க இல்லீங்கறது? சங்கடப்படுவீங்கல்ல. வெட்டிட்டு, அப்பறம் பாத்துக் கொறைச்சுக்கலாமுன்னு இருந்தனுங்க."

பார்த்தாயா மச்சான் நம் ஊர் மரியாதையை? சிலையைக் கோணலாக்கினாலும் ஆக்குவாள், வந்த மனுசனைச் சங்கடப்படுத்த மாட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பட்டறைச் சுவரில் சாய்ந்து நின்றேன். சாக்பீஸால் கோடு போட்டு அளந்தாள். ஐந்தடி மூன்றரை. எட்டுக்கு ஆசைப்பட்டவனுக்கு நாலுகூட முழுசாக மிஞ்சவில்லை. "வயசானா கொஞ்சம் எறங்குமுங்க," என்று சமாதானம் சொன்னாள். ஆனால் படம் எடுத்தபோது நான் எவ்வளவு? அது யாருக்குத் தெரியும்?

நஸ்ரீனுக்குப் போன் போட்டேன். என் பொய்யைச் சொன்னேன். அந்தப் படம் எடுத்த வருஷம் ஏதாவது எழுதியிருக்கிறதா பார் என்றேன். இதுவரை அவள் படங்களின் முன்பக்கத்தைத்தான் ஸ்கேன் செய்திருந்தாள். ஆல்பத்திலிருந்து உருவி, திருப்பிப் பார்த்தாள். எல்லாப் படத்தின் முதுகிலும் உன் பொடி எழுத்தில் ஓர் அளவு. என் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் எறும்பு மாதிரி இருக்கிற அளவு. முதல் ஆல்பத்தின் முதல் படத்துக்குப் பின்னால் நாலு வரி. போனில் படித்துக் காட்டினாள்:

'மச்சான் செருப்பில்லாமல் ஐந்தடி நாலு அங்குலம். ஸ்டுடியோ கதவோரம் நிறுத்தி அளந்தது. கேட்டால் எட்டு என்பான். மறுக்க வேண்டாம், மனசு நோகும்.'

லைட் பார்க்கிறேன், கதவோரம் நில் என்று ஒருநாள் சொன்னாயே, அன்றைக்கா? அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஸ்டெல்லா ஒன்றும் கேட்காமல் டீ வாங்கி வந்து கையில் கொடுத்தாள்.

உனக்கு எப்படி நன்றி சொல்வது? என் பொய் உனக்குத் தெரியும் என்பதையே எனக்குத் தெரியாமல் வைத்திருந்தாய். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'நாலுதானே மச்சான்' என்று சிரித்திருந்தால் நான் நோட்டையே மூடியிருப்பேன். உனக்கு அது தெரிந்திருக்கிறது. என் நோட்டில் நான் வானத்தை முட்டட்டும் என்று விட்டுவிட்டு, படத்தின் முதுகில் உண்மையை எழுதிக்கொண்டே வந்திருக்கிறாய். அந்த உண்மைக்கும் இந்தப் பொய்யனைத்தான் அடிஸ்கேலாக நிறுத்தினாய். என்னிடம் இருந்த ஒரே நேர்மையான சாமான் என் எலும்புக்கூடு என்று கண்டுபிடித்தவன் நீதான்.

சிலை எட்டடி, அதன் படத்து முதுகில் நீ எழுதியதும் அதேதான். இடத்துக்கு அனுமதி தர வேண்டிய அதிகாரி உன் எழுத்தையும் படத்தையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். போன வாரம் நிறுத்திவிட்டார்கள். நஸ்ரீன், நான், ஸ்டெல்லா, தெருவில் போய்வந்த பத்துப் பேர். லூர்தம்மாளை ஆட்டோவில் அழைத்து வந்தார்கள். கண்மேல் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தார். முகம் சரி என்றார். செருப்பு சரி என்றார். அப்புறம் கை நீட்டினார்.

"ஏ ஸ்டெல்லா, சைக்கிள்ல அந்த மணி எங்கிருந்து வந்துச்சு?"

"படத்துல அந்த எடத்த மறைச்சுட்டு சார் நிக்கறாருங்கம்மா. நோட்டுலதான் மணி இருந்துச்சுன்னு எழுதியிருக்குது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சைக்கிளை மறைக்காதே, ரெண்டடி தள்ளி நில் என்று நீ அன்றைக்குக் கத்தினாய், நான்தான் கேட்கவில்லை. நோட்டில் எழுதியது இது: 'கைப்பிடியில் ஒரு மணி. அதன் நாதம் அமராவதி ஆறு வரை கேட்கும்.'

"கழட்டிரலாமுங்கம்மா," என்றேன். "அது நான் சும்மா எழுதுனது. மணியே இல்ல."

"இல்லைன்னு எனக்குத் தெரியாதா?" என்றார் லூர்தம்மாள். "ஒரு மணி வாங்கிப் போடுங்கன்னு அந்த மனுசன்கிட்ட எத்தன வருசம் கேட்டிருப்பேன். ரோட்டுல மாட்டுக்கும் லாரிக்கும் தொண்டையக் கிழிச்சுட்டுப் போவேன். சிலையிலயாச்சும் வெச்சாரா? அதுலயும் இல்ல. இப்பத்தான் வந்திருக்குது. இருக்கட்டும் தம்பி, யாரும் அதத் தொடாதீங்க."

மச்சான், உனக்கு ஒரு சத்தியம் செய்து தருகிறேன். நஸ்ரீனோடு உட்கார்ந்து எல்லா நோட்டையும் பிரிப்பேன். நான் போட்ட ஒவ்வொரு உயரத்துக்கும் கீழே உன் உயரத்தை என் கையாலேயே எழுதுவேன். மேகங்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன். நாம் போகாமல் விட்ட ஊர்களுக்கு உன் மகளோடு போவேன், அவள் தள்ளி நில் என்றால் தள்ளி நிற்பேன். தாராபுரத்து மணியை மட்டும் அடித்துத் திருத்த மாட்டேன். அது லூர்தம்மாளுடையது.

இப்படிக்கு,
உன் மகளுக்குத் தாய்மாமனாகத் தன்னைத் தானே நியமித்துக்கொண்ட,
ஐந்தடி மூன்றரை அங்குலம்,
பொன்னுசாமி