மூன்றாவது கையெழுத்து

9-2-1983, புதன்

வேலூர்க் கல்லூரியிலிருந்து ஆரணிக்கு இன்றும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். ஆனால் கால் வலிக்கவில்லை. ஹாலந்துப் பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஆராய்ச்சிக்கு இந்த ஒரு வருடத்துக்கு நிதி. முதல் சோதனையில் தண்ணீரில் சாயம் உண்டு என்று தெரிந்தால் மேலும் மூன்று வருடம். ஆரணி சாயப்பட்டறைத் தெருவில் சுத்திகரிப்புத் தொட்டி கட்டும் செலவு உட்பட!

ஒப்பந்தத்தில் மூன்று பேர் கையெழுத்திட வேண்டும். எங்கள் கல்லூரி, பட்டறைக்காரர்கள் சங்கம், அப்புறம் ‘மக்கள்’. எங்கள் வேதியியல் துறைத் தலைவர் இராஜமாணிக்கம் சிரித்தார். “மக்கள்னு ஒரு இடம் காலியா இருக்கு பாருங்க. யாரையாவது போட்டு அனுப்பிடுங்க, தேவகி.”

யாரையாவது! பட்டறைச் சாக்கடை போய் நிற்பது காலனிக் கிணற்றுப் பக்கத்தில். அங்கே அரிசி களைந்தால் தண்ணீர் ரோஸ் நிறத்தில் வழிகிறது. அந்தத் தண்ணீரில் சமைக்கிறவர்கள்தான் போட வேண்டும்.

20-2-1983, ஞாயிறு

சங்கத் தலைவர் சடையப்பன் உடனே போட்டுக் கொடுத்தார். வெளிநாட்டுக்காரர் ஆரணிக்கு வருகிறார் என்பதே அவருக்குத் தாங்க முடியாத பெருமை.

காலனியில் செல்லியம்மாளைக் கேட்டேன். கிணற்றடியில் யாருக்குள் சண்டை வந்தாலும் அவள் சொன்னால் ஓயும். அவள் சுலபத்தில் பிடி கொடுக்கவில்லை.

“நான் கையெழுத்துப் போட்டா இன்னா ஆவும், டீச்சரம்மா?”

“மூணு பேர்ல நீங்களும் ஒருத்தர்னு ஆகும்.”

“சடையப்ப முதலாளிக்குச் சமமாவா?”

“காகிதத்துல ஆமாம்.”

“காகிதத்துல மட்டும்தானா?” என்று சிரித்துவிட்டுப் போட்டாள். அவள் மகன் வீரன் சடையப்பன் பட்டறையில்தான் சாய நூல் பிழிகிறான். அதனால்தான் அவளுக்குத் தயக்கம் என்று திரும்பி வரும்போதுதான் உறைத்தது.

6-3-1983

ஹாலந்துப் பேராசிரியர் வருவது 14ஆம் தேதி. இராஜமாணிக்கமும் சடையப்பனும் டெலிபோனில் பேசி முடிவு செய்துவிட்டார்கள். அன்று எனக்குக் கல்லூரியில் தேர்வு மேற்பார்வை. மாற்றித் தர மாட்டார்களாம். எழுதிக் கேட்டு, காத்திருந்து வரவழைத்தவள் நான். மாலை போடப் போகிறவர்கள் வேறு.

15-3-1983, செவ்வாய்

வந்தார், போனார். பட்டு சால்வை போர்த்தியிருக்கிறார்கள். சாக்கடை நீரைத் தானே பாட்டிலில் பிடித்தாராம். “தண்ணி பரவாயில்ல, தேவகி. நீங்க சொன்ன அளவுக்கு மோசமில்ல” என்கிறார் இராஜமாணிக்கம்.

எப்படி?

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். இவர் பிறந்து வளர்ந்தது இந்த ஊர். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“நேத்தா? நேத்து அமாவாசை ஆச்சே. எவன் சாய அடுப்பு பத்த வப்பான்? தறியே ஓடாது!”

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை. தறிக்காரர், சாயக்காரர் எல்லாரும் மாதத்தில் லீவு விடுகிற ஒரே நாள். அன்றைக்குப் பார்த்து, கடல் தாண்டி வந்து, ஒன்றுமில்லாத தண்ணியப் பிடிச்சிக்கிட்டுப் போயிட்டாரே மனுஷன்!

16-3-1983

சடையப்பன் வீட்டில் போய்க் கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது. அவர் நிஜமாகவே திகைத்துப் போனார்.

“இன்னாம்மா இது? அம்மாந்தூரம் வர்ற மனுசனை, நாங்க சாயக் கொப்பரையில கைவிட்டுகினு, ‘உக்காருங்க’ன்னு சொல்லக்கூட ஆளில்லாமவா நிக்க வைக்கறது? எல்லாரும் சும்மா இருக்கற நாளாப் பாத்துச் சொன்னேன். அது மரியாதைங்க.”

சூழ்ச்சி இருந்திருந்தால் சண்டை போடலாம். மரியாதையோடு எப்படிச் சண்டை போடுவது?

28-4-1983, வியாழன்

ஹாலந்திலிருந்து கடிதம். நீரில் சாயம் இருப்பதற்கான அடையாளமே இல்லை. தொடர வேண்டிய காரணம் தெரியவில்லை என்கிறது நிதிக் குழு. நான் அமாவாசை விஷயத்தை விளக்கி எழுதியதற்கு மட்டும் ஒரு வழி விட்டிருக்கிறார்கள். கையெழுத்திட்ட மூவரில் யாராவது ஒருவர் பொறுப்பேற்று, ஜூன் முடிவதற்குள் புதிதாக நீர் எடுத்து அனுப்பலாம்.

கல்லூரி சார்பில் நான் எடுக்கிறேன் என்றேன். “சங்கம் சம்மதிக்காம நாம கை வச்சா கல்லூரிக்குத்தான் கெட்ட பேரு” என்றார் இராஜமாணிக்கம்.

1-5-1983, ஞாயிறு

சங்கம் சம்மதிக்கவில்லை. சடையப்பன் இந்த முறை நாற்காலிகூடக் காட்டவில்லை.

“எங்க தண்ணி கெட்டதுன்னு நானே எழுதித் தரணுமா? நாளைக்கு சர்க்கார் ஜீப்புல வந்து அடுப்ப அணைச்சா, நீங்களா வந்து நிப்பீங்க? கல்யாண சீசன்ல இந்தப் பேஜார் வேணாம், விட்டுடுங்க.”

அப்படி நடக்காது என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை. வந்துவிட்டேன்.

8-5-1983, ஞாயிறு

செல்லியம்மாளிடம் நடந்ததைச் சொன்னேன். தொட்டி வராது போலிருக்கிறது என்று சொல்லத்தான் போனேன்.

“எங்க கிணத்துத் தண்ணிய எடுக்க யாரைக் கேக்கணும்?”

“யாரையும் வேண்டாம். கையெழுத்துப் போட்டவங்க நீங்க. நீங்க எடுத்தாப் போதும்.”

“வீரனை நிறுத்திடுவாங்க.”

“நிறுத்தலாம்” என்றேன். வேறென்ன சொல்வது? எனக்கு மாதச் சம்பளம் தேதி தவறாமல் வருகிறது. தைரியமாக இருங்கள் என்று அவளுக்குச் சொல்ல நான் யார்?

19-5-1983

செல்லியம்மாள் வரவில்லை. நானும் போகவில்லை. போனால் அது கட்டாயப்படுத்துவதாகும். போகாமல் இருப்பதும் லேசாக இல்லை. இவர் கேட்கிறார், “சாம்பார்ல உப்பு போட்டியா இல்லியா?” போடவில்லை.

2-6-1983, வியாழன்

காலையில் வாசலில் செல்லியம்மாள். “பாட்டில் எடுத்துகினு வாங்க” என்றாள்.

என்னிடம் வருவதற்கு முன்பே சடையப்பன் வீட்டுக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள். “சோறு போட்ட எடம். மறைவா செய்யக் கூடாது இல்ல? ‘எங்க கிணத்துத் தண்ணிய அனுப்பப் போறேன், முதலாளி’ன்னு சொன்னேன். எழுந்து உள்ள போயிட்டாரு.”

பட்டறைகளில் எல்லா அடுப்பும் புகைந்துகொண்டிருந்தது. அவளே சேந்தினாள், அவளே பாட்டிலில் ஊற்றினாள். வெயிலில் தூக்கிப் பார்த்தால் மாதுளம்பழச் சாறு மாதிரி இருந்தது. மூடி மேல் ஒட்டிய தாளில் மெதுவாகப் பெயரை எழுதினாள்.

3-6-1983

வீரனை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

5-6-1983, ஞாயிறு

இவர் களம்பூர் அரிசி மில்லில் கணக்கு எழுதுபவர். வீரனுக்கு அங்கே மூட்டை தூக்கும் வேலை கேட்டு வாங்கித் தந்தார். சாயம் பிழிகிறவனுக்குக் கை வாகு முக்கியம், நிறம் பார்க்கும் கண் முக்கியம். அவனை முதுகு உடைய மூட்டை தூக்க வைத்துவிட்டேன். செல்லியம்மாள் என்னைத் திட்டினால்கூட நன்றாயிருக்கும். “நீங்க சாப்ட்டீங்களா?” என்று கேட்கிறாள்.

26-8-1983, வெள்ளி

வந்துவிட்டது! மூன்று வருடத்துக்கும் நிதி! கடிதத்தில் முதலில் நன்றி சொல்லியிருப்பது திருமதி செல்லியம்மாளுக்கு. இராஜமாணிக்கம் அந்த வரியை இரண்டு முறை படித்தார்.

ஆனால் தொட்டிக்கு இடம் சங்கம் தர வேண்டும். திரும்பவும் சடையப்பன்.

11-9-1983, ஞாயிறு

மூன்று தரப்பும் பள்ளிக்கூடத்தில் கூடினோம். சடையப்பன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜீப் எதுவும் வரவில்லை. அடுப்பை யாரும் அணைக்கவில்லை. தொட்டி கட்ட ஆகும் செலவு முழுவதும் வெளியிலிருந்து வருகிறது என்று நான் சொன்னதும் மற்ற பட்டறைக்காரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். “இன்னாங்க யோசிச்சிகினு? ஜல்தி சொல்லுங்க!”

அவர் செல்லியம்மாள் பக்கம் திரும்பினார். “நீ இன்னா சொல்ற?”

“ஒங்க அடுப்பு எரியணும் முதலாளி. அதுலதான் எங்க அடுப்பும் எரிஞ்சிது. தண்ணி மட்டும் சுத்தமா வரட்டும். அப்புறம், எம் மவனைத் திரும்ப எடுத்துக்குங்க. மூட்டை தூக்கறதுக்கா அவன் தொழில் கத்துகினான்?”

என் முன்னால், சங்கத்துக்கு முன்னால், இவ்வளவு நேராக!

“எம் பட்டறைப் பின்னால எடம் கெடக்குது. கட்டிக்கினு போங்க” என்றார் சடையப்பன். வீரனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

13-9-1983

வீரன் களம்பூருக்குப் போகவில்லை. ஆள் அனுப்பிப் பட்டறைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்களாம்.

15-4-1984, ஞாயிறு

தொட்டி ஓடத் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. சுண்ணாம்பு, கரி, மணல் எல்லாம் தாண்டி வருகிற தண்ணீர் வெளிறிய மஞ்சள்தான், சிவப்பு இல்லை. கிணறு தெளியவில்லை. மண்ணில் ஊறியது போக இன்னும் இரண்டு மழையாவது பெய்ய வேண்டும். செல்லியம்மாளிடம் பொய் சொல்லவில்லை. “பெய்யட்டும்” என்றாள்.

பேராசிரியர் மறுபடி நீர் எடுக்க வருகிறார். எந்தத் தேதி என்று கேட்டிருக்கிறார். சடையப்பன் பட்டறைக்குக் கேட்கப் போனேன். வீரன் முழங்கை வரை அரக்கு நிறத்தோடு நூல் பிழிந்துகொண்டிருந்தான். சடையப்பன் சுவரிலிருந்த நாள்காட்டியைக் கழற்றிக் கையில் வைத்துப் புரட்டினார்.

“வைகாசி முகூர்த்தத்துக்கு சித்திரைக் கடைசியில சாயம் போட்டாவணும். ஒரு அடுப்பும் சும்மா இருக்காது. அப்ப வரச் சொல்லுங்க. சால்வை, மாலை ஒண்ணும் கெடையாது, எங்களுக்குக் கை ஒழியாதுன்னு இப்பவே எழுதிடுங்க. தொட்டிக்குள்ள போறதையும் பிடிக்கட்டும், வெளிய வர்றதையும் பிடிக்கட்டும்.”

எழுதிவிட்டேன்.